விவசாயி மாறணுமாம்... முதல்ல ஒரு தார்ப்பாய் குடுங்கய்யா!

கொஞ்ச நாளா எங்க திரும்பினாலும் ஒரே வசனம். டீக்கடையில, ஆபீஸ் கேண்டீன்ல, டிவி விவாதத்துல, ஏன், நம்ம பதிவர் நண்பர்கள் சிலர் எழுதுறதுலயும்கூட. "காலநிலை மாறிடுச்சு சார். விவசாயிங்கதான் இன்னும் மாறலை. அதே நெல்லைப் போடுறாங்க, மழை வந்ததும் நிவாரணம் குடுன்னு ரோட்டுல உக்கார்றாங்க." இதைச் சொல்றவர் தட்டுல ரெண்டு இட்லி இருக்கும். அது எதுல செஞ்சதுன்னு நான் கேட்கப் போறதில்லை :-)

ஆபீஸ்ல ஆணி அதிகம்தான். இருந்தாலும் இதுக்குப் பின்னூட்டம் போட்டுத் தீராது, தனிப் பதிவாவே போட்டுடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் விவசாயி கிடையாது. மன்னார்குடிப் பக்கம் பொறந்து, பொழப்புக்கு சென்னை வந்து பொட்டி தட்டிக்கிட்டிருக்கிற ஆள். ஊர்ல சித்தப்பா இன்னும் ஒம்போது மா சாகுபடி பண்றார். (மா கணக்கு தெரியாதவங்களுக்கு: மூணு மா ஒரு ஏக்கர்.) அவர்கிட்ட போன்ல பேசுறது, லீவுக்குப் போனா வரப்புல நிக்கிறது, மத்தபடி படிச்சது. இவ்வளவுதான் என் தகுதி.

என் கட்சி இதுதான். டெல்டா விவசாயி மாறிட்டார், எப்பவோ மாறிட்டார். மாறாம இருக்கிறது அவரைச் சுத்தி இருக்கிற சமாச்சாரங்கள். வடிகால், கொள்முதல் நிலையம், இன்சூரன்ஸ் கணக்கு, நிவாரண விதி. அதையெல்லாம் விட்டுட்டு விவசாயியைப் பார்த்து "நீ மாறு"ன்னு சொல்றது, ஓட்டை பஸ்ஸை ஓட்ட விட்டுட்டு டிரைவருக்கு யோகா கத்துக்குடுக்குற கதை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மாறலைன்னு யார் சொன்னது?

மேட்டூர் அணை திறக்கிற நாள் ஜூன் 12, மூடுற நாள் ஜனவரி 28. டெல்டாவோட பஞ்சாங்கமே இதுதான். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் இதை வச்சு அமைஞ்சது. இப்ப நடந்ததைப் பாருங்க. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஒரு தடவைகூட ஜூன் 12ல அணை திறக்கலை. 2017ல அக்டோபர் 2 ஆச்சு. 2018ல ஜூலை 19. 2022ல தலைகீழா மே 24லயே திறந்தாங்க. 2024ல ஜூலை 28. 2020, 2021, 2023, 2025ல மட்டும் சொன்ன தேதிக்குத் திறந்துச்சு.

உங்க ஆபீஸ்ல சம்பளத் தேதி இப்படி மே மாசத்துக்கும் அக்டோபருக்கும் நடுவுல தாவினா நீங்க எத்தனை வருஷம் தாங்குவீங்க? இவங்க தாங்கினாங்க. எப்படி? போர்வெல் இருக்கிறவங்க அதை வச்சு நாத்து விட்டாங்க. இல்லாதவங்க குறுவையை விட்டுட்டு சம்பாவுக்குக் காத்திருந்தாங்க. தண்ணி லேட்டாகும்னு தெரிஞ்சா நாத்து, நடவு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நேரடி விதைப்புக்குப் போனாங்க. 155 நாள் ரகம் சரிப்படாதுன்னா குறைஞ்ச நாள் ரகத்துக்கு மாறினாங்க. ஆள் கிடைக்கலைன்னா மெஷின் அறுப்பு. வயல் சேறா இருந்து டயர் வண்டி இறங்காதா, வாடகை கூடன்னாலும் செயின் வண்டி. இதெல்லாம் மாறுறது இல்லையா? பவர்பாயிண்ட் போட்டுக் காட்டலைங்கிறதால கணக்குல வராதா?

வானம் என்ன செஞ்சுதுன்னும் பார்த்துடுவோம். 2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில அப்ப இருந்த 32 மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசு அறிவிச்சுது. 2018 நவம்பர் 16ல கஜா. 2023 பிப்ரவரி முதல் வாரம், அறுக்க வேண்டிய சம்பா மேல மழை. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல். 2025 அக்டோபர்ல அறுத்த குறுவை நெல் நனைஞ்சுது. அடுத்த மாசக் கடைசியிலயே, இலங்கையைப் புரட்டிப் போட்ட டிட்வா புயலோட மழையில இளம் சம்பாப் பயிர் தண்ணிக்குள்ள போச்சு.

கவனிச்சீங்களா? ஒரு வருஷம் காய்ச்சல், ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் காத்து. வெள்ளம் வந்தாலும் ஒரே பருவத்துல வரலை. நாத்தா இருக்கும்போது ஒரு தடவை, கதிர் முத்தினப்புறம் ஒரு தடவை, மூட்டை கட்டினப்புறம் ஒரு தடவை. "மாறு மாறு"ன்னு சொல்றீங்களே, இதுல எதுக்கு மாறணும்? வறட்சிக்கு மாறினவன் வெள்ளத்துல மாட்டுறான். வெள்ளத்துக்கு மாறினவன் காத்துல மாட்டுறான்.

இனிமே இலவசமா கிடைக்கிற அறிவுரைகளை ஒண்ணொண்ணாப் பார்ப்போம்.

அறிவுரை 1: "வெள்ளம் தாங்குற ரகம் வந்துடுச்சே, போட வேண்டியதுதானே?"

வந்திருக்கு, உண்மைதான். நல்ல விஷயமும்கூட. ஒடிசாவுல விவசாயிகள் வச்சிருந்த ஒரு பழைய நெல்லில இருந்து தேர்ந்தெடுத்தது எஃப்ஆர் 13ஏ. அது வெள்ளத்துல மூழ்கினாலும் சாகாது. அந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணுவைக் கண்டுபிடிச்சு 2006ல வெளியிட்டாங்க. அதை ஸ்வர்ணா ரகத்துல ஏத்தி, ஸ்வர்ணா சப்1ங்கிற பேர்ல 2009ல இந்தியாவுல வெளிவந்தது. நம்ம டெல்டாவுல ரொம்பப் பழகின சிஆர் 1009லயும் அதே மாதிரி சப்1 வந்தாச்சு. பயிர் முழுசா மூழ்கினா வளராம மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, இருக்கிற சக்தியைச் சேமிச்சு வச்சுக்கும். தண்ணி வடிஞ்சதும் மறுபடி துளிர்க்கும். ஏறக்குறைய ரெண்டு வாரம் தாங்கும்.

ஆனா இதெல்லாம் பயிர் இளசா இருக்கும்போது. நடவு முடிஞ்சு தூர் கட்டுற சமயத்துல. பூத்து, பால் பிடிச்சு, கதிர் முத்தி, "அடுத்த வாரம் மெஷினைச் சொல்லிடலாம்"னு நிக்கிற நெல்லை மழை படுக்க வச்சா, சப்1 என்ன, சப்100 வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சாஞ்ச கதிர் ஈரத்துல கிடந்தா மூணு நாலு நாள்ல முளை விடும். 2023 பிப்ரவரியில சித்தப்பா வயல்ல நடந்தது அதுதான். கதிரைத் தூக்கிப் பார்த்தா வெள்ளை வெள்ளையா முளை. விதைக்கும்போது முளைச்சா சந்தோஷம். அறுக்கும்போது முளைச்சா? அவர் ஒண்ணும் சொல்லலை, "இந்த வருஷம் நாத்தங்கால் செலவு மிச்சம்டா"ன்னார். சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை எனக்கு.

அந்த மழை இன்னொண்ணையும் கெடுத்துச்சு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே, நிக்கிற பயிருக்குள்ள உளுந்து தெளிச்சு விடுறது எங்க பக்கத்து வழக்கம். மண்ணுல மிச்சம் இருக்கிற ஈரத்துலயே அது வந்துரும், தனியா தண்ணி வேண்டாம். இதைவிட நல்ல "காலநிலை விவசாயம்" எந்தப் புத்தகத்துல இருக்கு? அப்படித் தெளிச்ச உளுந்தும் தண்ணி நின்னு அழுகிடுச்சு. ஒரே மழையில ரெண்டு வெள்ளாமை.

அறிவுரை 2: "பாரம்பரிய நெல்லுக்குத் திரும்பணும்"

இதைச் சொன்னா பதிவுலகத்துல கைதட்டு நிச்சயம். எனக்கும் மரியாதை உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி, காணாமப்போன ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் 2018 டிசம்பர்ல காலமாகுற வரைக்கும் செஞ்ச வேலை சாதாரண வேலை இல்லை. மேலே சொன்ன எஃப்ஆர் 13ஏ கதையையே பாருங்க. அந்த ஒடிசா விவசாயிகள் தங்களோட பழைய நெல்லைக் கைவிட்டிருந்தா, ஆராய்ச்சிக்காரங்களுக்கு அந்த மரபணுவே கிடைச்சிருக்காது. அதனால "பாரம்பரியமா, விஞ்ஞானமா"ன்னு நாம அடிச்சிக்கிற சண்டையே வெத்துச் சண்டை.

ஆனா மொத்த டெல்டாவையும் காட்டுயானம் போடச் சொல்றவங்க கொஞ்சம் யோசிக்கணும். ஆள் உயரத்துக்கு மேல வளர்ற நெல் அது. தேங்குற தண்ணியில தாங்கும், ஒத்துக்கறேன். புயல் காத்துல? நெட்டையா இருக்கிறது முதல்ல படுக்கும். ஆறு மாசம் வயல்ல நிக்கணும். அவ்வளவு நாளும் தண்ணி வேணும், அவ்வளவு நாளும் ஆபத்து. ஏக்கருக்குக் காணுறதும் குறைவு. எல்லாத்துக்கும் மேல, அதை யார் வாங்குவா? கொள்முதல் நிலையத்துல சன்னம், பொதுன்னு ரெண்டே வகை. மாப்பிள்ளைச் சம்பான்னு சொன்னா கூடுதலா ஒரு ரூபா கிடையாது. நகரத்துல கிலோ நூறு ரூபாய்க்கு மேல வாங்க ஆள் இருக்கலாம். அந்தக் கடைக்கும் வயலுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை ஒத்த விவசாயி கடக்கணும்னா அவர் வியாபாரியா மாறணும். நாலு பேர் மாறுவாங்க. ஊரே மாறாது.

அறிவுரை 3: "நெல்லை விட்டுட்டு சிறுதானியம் போடலாமே!"

சொல்றவர் நவம்பர் மாசம் திருவாரூர்ப் பக்கம் ஒரு தடவை வந்து பார்க்கணும். களிமண். முழங்கால் தண்ணி. வடிய இடம் இல்லை. அதுல கேழ்வரகோ, கம்போ, சோளமோ போட்டா நாலே நாள்ல வேர் அழுகிடும். தண்ணிக்குள்ள நின்னு மூச்சு விடுற பயிர் நம்மகிட்ட இருக்கிறதுல நெல்தான். டெல்டாக்காரன் பிடிவாதத்துல நெல் போடலைங்க. அந்த மாசத்துல, அந்த மண்ணுல வேற எதுவும் நிக்காதுங்கிறதால போடுறான். தர்மபுரிக்கும் ராமநாதபுரத்துக்கும் சரிப்படுற பேச்சு தலைஞாயிறுக்குச் சரிப்படாது.

மாற்றுப் பயிர் போட்டவங்க மட்டும் தப்பிச்சாங்களா? கஜா அதையும் காட்டிட்டுப் போச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் "நெல்லுல ஒண்ணும் இல்லை, தென்னை வச்சா உக்காந்து சாப்பிடலாம்"னு மாறினவங்கதான் அவங்க. ஒரே ராத்திரியில தோப்புத் தோப்பா சாஞ்சுது. அரசு அறிவிச்சது விழுந்த மரத்துக்கு 600 ரூபா, அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபா, ஆக மொத்தம் 1,100 ரூபா. நெல் போனா அடுத்த பட்டத்துல பார்த்துக்கலாம். தென்னை போனா கன்னு வச்சு காய் பார்க்க அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். நடுவுல அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்?

அறிவுரை 4: "அதான் இன்சூரன்ஸ் இருக்கே"

வாங்க. இதுக்காகத்தான் இந்தப் பதிவே. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்குங்க.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016ல வந்தது. பிரீமியம் விவசாயிக்கு அதிகம் இல்லை. உணவுப் பயிருக்குக் காரிப்ல 2 சதவீதம், ரபியில 1.5 சதவீதம், மீதியை மத்திய மாநில அரசுகள் கட்டும். இது நல்ல விஷயம். பிரச்சினை பணம் குடுக்கிற இடத்துல இருக்கு.

உங்க வயல் போச்சான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து நாலு இடத்துல அறுவடைச் சோதனை பண்ணி சராசரி எடுப்பாங்க. அது "உத்தரவாத மகசூலை"விடக் குறைஞ்சாத்தான் பணம். மேட்டுல இருக்கிறவன் வயல் நல்லா வெளைஞ்சு, பள்ளத்துல இருக்கிறவன் வயல் மூழ்கினா, ஊர்ச் சராசரி பாஸ். பள்ளத்துக்காரன் அவுட்.

இந்த உத்தரவாத மகசூல் எப்படி வருது? கடந்த ஏழு வருஷத்துல நல்லா வெளைஞ்ச அஞ்சு வருஷத்தோட சராசரி, அதுல ஒரு சதவீதம். அந்த சதவீதத்தை 80ன்னு வச்சுக்குவோம். ஒரு பேச்சுக்கு, ஒரு ஊர்ல ஏக்கருக்கு 24, 25, 24, 23, 25 மூட்டை வந்த அஞ்சு நல்ல வருஷமும், 12, 10ன்னு ரெண்டு கெட்ட வருஷமும் இருக்குன்னு வச்சுக்குங்க. நல்ல அஞ்சோட சராசரி 24.2. அதுல 80 சதவீதம் 19.4. இந்த வருஷம் 17 மூட்டைன்னா கொஞ்சமாவது பணம் வரும்.

இப்ப வானிலை கெட்டுப்போச்சு. ஏழுல நாலு வருஷம் அடி. 25, 24, 24, 14, 12, 11, 10. நல்ல அஞ்சு வருஷம்னு எடுத்தா அதுலயே 14ம் 12ம் வந்து உக்காந்துக்கும். சராசரி 19.8. அதுல 80 சதவீதம் 15.8. அதே 17 மூட்டை வெளைஞ்சா இப்ப சல்லிக்காசு கிடையாது!

புரியுதா மக்களே? அடிக்கடி அடி வாங்கினா, "இவன் எப்பவும் இப்படித்தான் வெளைவிப்பான்"னு கணக்கு முடிவு பண்ணிடுது. கெட்ட வருஷம் எப்பவாவது ஒண்ணு வரும்னு நெனைச்சுப் போட்ட சூத்திரம் இது. கெட்ட வருஷமே வழக்கமானா சூத்திரம் விவசாயிக்கு எதிரா திரும்பிக்கும். மாற வேண்டியது யாரு? சூத்திரமா, சித்தப்பாவா?

இதைவிடப் பெரிய கொடுமை ஒண்ணு இருக்கு. தனி வயல் பாதிப்புக்கும் இந்தத் திட்டத்துல வழி உண்டு. ஆலங்கட்டி, நிலச்சரிவு, தண்ணி தேங்குறது மாதிரி நடந்தா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். ஆனா தண்ணி தேங்குறதுங்கிற வகையில இருந்து நெல்லை மட்டும் 2018ல எடுத்துட்டாங்க. நெல் தண்ணியில நிக்கிற பயிர்தானேங்கிற நினைப்பு போல! கஜா வந்த அதே வருஷம். எடுத்ததைத் திரும்பச் சேர்க்கிறோம், 2026 காரிப் முதல்னு 2025 நவம்பர்லதான் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிச்சுது. நல்லது, வரவேற்போம். நடுவுல போன ஏழு வருஷம்? நடைமுறையில எப்படிச் செய்றாங்கன்னும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கணும்.

அறுத்தப்புறம் நடக்கிற சேதத்துக்கும் 14 நாள் வரை காப்பீடு உண்டு. எதுக்கு? அறுத்து, வயல்லயே காயப் பரப்பி வச்சிருக்கிற பயிருக்கு. எங்க ஊர்ல யாருங்க இன்னைக்கு அரிவாள்ல அறுத்து அரி போட்டுக் காய வைக்கிறா? மெஷின் இறங்கினா நெல்லு நேரா டிராக்டர் பெட்டியில. அங்கேருந்து கொள்முதல் நிலையத்து வாசல். அங்க குவிஞ்சு கிடக்கிற நெல்லு நனைஞ்சா, அது "பரப்பி வச்ச பயிர்" இல்லை. விவசாயி மெஷினுக்கு மாறிட்டார். விதி இன்னும் அரிவாள்லயே நிக்குது.

இதுல குத்தகை சாகுபடி வேற. டெல்டாவுல கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்க்காரங்க நிலம்னு குத்தகைக்கு உழுறவங்க ஏராளம். வாய்மொழிக் குத்தகையா இருந்தா அடங்கல்ல பேர் இருக்காது. சேத்துல இறங்கினவன் ஒருத்தன், நிவாரணம் வாங்குறவன் இன்னொருத்தன்.

நிவாரணத் தொகையையும் பார்த்துடுங்க. 2022ல வந்த மத்திய விதிப்படி, பாசனப் பயிர் 33 சதவீதத்துக்கு மேல சேதமானா எக்டேருக்கு 17,000 ரூபா. ஏக்கர் கணக்குல ஏழாயிரத்தைத் தொடாது. 2023 பிப்ரவரி மழைக்கு மாநில அரசு எக்டேருக்கு 20,000 அறிவிச்சுது, ஏக்கருக்கு எட்டாயிரத்துச் சொச்சம். உழவு, நாத்து, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு எவ்வளவு செலவாகும்னு எந்த விவசாயியையாவது கேளுங்க. இருபத்தஞ்சாயிரத்துக்குக் கீழ யாரும் சொல்ல மாட்டாங்க. "நிவாரணம் குடுத்தே பழக்கிட்டாங்க"ன்னு பேசுறவங்க இந்தக் கழித்தல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

அந்த 17 சதவீதம்

நெல்லுல ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் கிடையாது. மழைக்காலத்துல அறுத்தா 20, 22ன்னு சாதாரணமா நிக்கும். ஒவ்வொரு தடவையும் மாநில அரசு கடிதம் எழுதும், மத்தியக் குழு வரும், மாதிரி எடுத்துட்டுப் போகும், பதில் வர நாளாகும். மழை இதுக்கெல்லாம் காத்திருக்காது.

22 சதவீத ஈரத்துல 100 கிலோ நெல் இருந்தா, அதை 17க்குக் கொண்டு வர 6 கிலோ தண்ணியை வெளியேத்தணும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு குவிண்டால் தண்ணிகூடத் தேறலாம். வெயில் இல்லாத அக்டோபர்ல எங்கே காய வைக்கிறது? அதான் தார் ரோட்டுல கொட்டுறாங்க. கார்ல போற நம்மாளு, "ரோட்டை ஆக்கிரமிக்கிறாங்க"ன்னு போட்டோ எடுத்துப் போடுறார். ஐயா, அவங்களுக்குக் களம் இல்லை. அதனாலதான் உங்க ரோடு.

நெல் காய வைக்கிற மெஷின் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நவீன அரிசி ஆலைகள்ல இருக்கு. அதை நாலஞ்சு ஊருக்கு ஒண்ணுன்னு கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்துல வச்சா, ஈரப்பதக் கடிதப் போக்குவரத்துல பாதி குறையும். மேலே கூரை போட்ட சிமென்ட் களம் ஒவ்வொரு நிலையத்துலயும் வேணும். அது வர்ற வரைக்கும் ஆளுக்கு ஒரு நல்ல தார்ப்பாய். தலைப்புல எழுதினது நக்கலுக்கு இல்லைங்க, நிஜமாவே கேட்கிறேன்.

ராத்திரிச் சூடு

மழையை மட்டும் பேசிட்டு வெயிலை விட்டா தப்பு. நெல் பூக்குற நேரத்துல 35 டிகிரிக்கு மேல ஒரு மணி நேரம் போனாலே மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காம கருக்காய் விழ ஆரம்பிக்கும். ராத்திரி சூடா இருந்தா இன்னொரு வழியில அடி. பகல்ல சேர்த்து வச்சதைப் பயிர் ராத்திரி மூச்சு விட்டே செலவழிச்சிடும். பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல தங்களோட சொந்த வயல் கணக்கை வச்சு 2004ல வெளியிட்ட ஆய்வுப்படி, கோடைப் பருவத்துல குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடினா மகசூல் 10 சதவீதம் குறையுது. வடக்கே கோதுமைக்கும் இதே கதிதான். 2022 மார்ச் சூட்டுல மணி சுருங்கி, மே மாசம் கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டாங்க.

இந்தச் சூட்டுக்கு விவசாயி வரப்புல நின்னு விசிறியா வீச முடியும்? சூட்டைத் தாங்குற ரகம், காலையிலயே சீக்கிரம் பூத்து முடிக்கிற ரகம், இதெல்லாம் ஆராய்ச்சி நிலையம் பண்ண வேண்டிய வேலை. ஆடுதுறையில நூறு வருஷத்துக்கு மேல நெல் ஆராய்ச்சி நடக்குது. அங்கே ஆளும் பணமும் போடச் சொல்லி எத்தனை பேர் கேட்கிறோம்?

விவசாயி பக்கம் தப்பே இல்லையா?

இந்தக் கேள்வி பின்னூட்டத்துல வரும்னு தெரியும், அதனால நானே சொல்லிடறேன். இருக்கு. பச்சைப் பசேல்னு தெரியணும்னு யூரியாவை அள்ளிக் கொட்டினா பயிர் தளதளன்னு வளர்ந்து, சின்னக் காத்துக்கே படுத்துரும். காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டினா போதும்னு தெரிஞ்சும், தண்ணி வரும்போது வாங்கி நிரப்பி வச்சுக்கிற பழக்கம் உண்டு. வாய்க்கால் கரையை வெட்டி வயலோட சேர்த்துக்கிட்ட புண்ணியவான்களும் உண்டு. இதையெல்லாம் தட்டிக் கேட்கலாம், கேட்கணும்.

ஆனா ஒண்ணு. தண்ணி எப்ப வரும்னு தெரியாதவன்தான் வந்தப்போ நிரப்பி வச்சுக்குவான். தேதியை ஒழுங்கா சொல்லிப் பாருங்க, காய்ச்சலும் பாய்ச்சலும் தானா நடக்கும்.

அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?

வடிகால்தான் முதல். டெல்டாவுல எல்லாரும் தண்ணி வர்றதைப் பத்தியே பேசுறோம், போறதைப் பத்திப் பேசறதில்லை. கடலோரத்துல நிலம் கிட்டத்தட்ட தட்டை. அடப்பாறு, வளவனாறு மாதிரி கடைசியில இருக்கிற ஆறுகள் தூர்ந்து, வெங்காயத்தாமரை அடைச்சுக்கிட்டா, வயல்ல நிக்கிற தண்ணி வாரக்கணக்குல வடியாது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்ல வெண்ணாறு பகுதியில அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு, அடப்பாறு, வளவனாறுன்னு வேலை எடுத்தாங்க. அந்தத் திட்டத்தோட பேர்லயே "காலநிலைத் தழுவல்"னு இருக்கு. ஆக, பெரிய ஆத்துக்கு அரசும் வங்கியும்தான் பொறுப்புன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. அதே நியாயம் ஊருக்குள்ள ஓடுற சி, டி பிரிவு வாய்க்காலுக்கும் வேணும். தண்ணி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பொக்லைன் இறக்கி போட்டோ எடுக்காம, பிப்ரவரியில அணை மூடினவுடனே ஆரம்பிக்கணும்.

ரெண்டாவது, மேலே சொன்ன களமும் காய வைக்கிற மெஷினும். மூணாவது, இன்சூரன்ஸ் சூத்திரத்துல கெட்ட வருஷங்களைச் சராசரியில சேர்க்கக் கூடாது. எத்தனை கெட்ட வருஷமா இருந்தாலும் சரி. மெஷின்ல அறுத்துக் குவிச்ச நெல்லுக்கும் 14 நாள் பாதுகாப்பு வேணும். நாலாவது, உழுறவன் பேர் அடங்கல்ல ஏறணும்.

இந்த நாலுல விவசாயி மாற வேண்டியது எதுவும் இல்லைங்கிறதைக் கவனிங்க. இந்த நாலும் நடந்தப்புறம், அவர் கையில நாலு காசு மிஞ்சினப்புறம், "ஒரு மா நிலத்துல புது ரகம் போட்டுப் பாருங்க சித்தப்பா"ன்னு சொன்னா அவர் போட்டுப் பார்ப்பார். பரிசோதனை பண்றதுக்குத் தோத்தாலும் தாங்குற தெம்பு வேணும். வருஷா வருஷம் நகையை அடகு வச்சு மீட்கிறவங்களுக்கு அந்தத் தெம்பு எங்கேருந்து வரும்?

அதனால பதிவர் பெருமக்களே, அடுத்த தடவை டெல்டாவுல மழை பேய்ஞ்சு, "விவசாயிகள் இனியாவது..."ன்னு ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கத் தோணினா, அந்த இடத்துல "கொள்முதல் நிலையங்கள் இனியாவது..."ன்னு போட்டு எழுதிப் பாருங்க. வாக்கியம் அருமையா உக்காரும்.

டிஸ்கி: உரச் செலவு, ரேஷன் அரிசி, இலவச மின்சாரம்னு ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்காம, சொன்ன கணக்குல ஓட்டை இருந்தா சொல்லுங்க, பேசுவோம். கும்மியடிக்கிறவங்க தாராளமா அடிக்கலாம். ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி ஊர்ல சாகுபடி பண்ற சொந்தக்காரங்க யாருக்காவது ஒரு போன் போட்டு, போன பட்டம் இன்சூரன்ஸ் வந்துச்சான்னு கேட்டுட்டு வந்து அடிங்க :-)